பெட்டியைத் திறக்க விடாத தண்ணீர்

சென்ற மாதம், நான் வேலைபார்த்து ஓய்வுபெற்ற பரிசோதனைக் குழுவின் இளையவர்கள் மின்னஞ்சல் ஒன்று அனுப்பியிருந்தார்கள். அங்கே புதிதாக இன்னொரு பெரிய தொட்டி கட்டுகிறார்கள். அதில் அளவீடுகளைச் சரிபார்க்கும் வேலை முழுவதையும் ஒரு கணினி நிரலிடம் கொடுத்துவிடலாமா என்று யோசிக்கிறார்களாம். அதற்கு முன் என்னிடம் ஒரு கேள்வி: "அந்த முறை நீங்கள் ஏன் பெட்டியைத் திறக்க விடவில்லை? காணொளியில் வந்து சொல்வீர்களா?"

வந்து சொன்னேன். அரை மணி நேரம், ஆங்கிலத்தில், வரைபுகளோடு. முடிந்ததும் கைதட்டினார்கள். ஆனால் கணினியை மூடிய பிறகு, நடந்ததில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை என்று பட்டது. நிலாவெளிக் கடற்கரையில் நின்றுபோன ஜெனரேட்டரைப் பற்றியும், கூட வேலைபார்த்த றினோஸா என்னோடு கோபித்துக்கொண்டு போனதைப் பற்றியும் வரைபில் போட முடியாது. இந்தத் திருகோணமலையிலும் பல வருடமாக ஆட்கள் கேட்டபடிதான் இருக்கிறார்கள், "வெளிநாட்டில என்ன வேலை பார்த்தனீங்கள்?" என்று. "ஒரு தண்ணித் தொட்டியைப் பார்த்துக்கொண்டனான்" என்று சொல்லித் தப்பிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனாலும் ஒரு தடவை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும். சம்பந்தப்பட்டவர்களில் பலர் இன்னும் வேலையில் இருப்பதால் நாட்டின் பெயரையும் பரிசோதனையின் பெயரையும் விட்டுவிடுகிறேன். வட ஐரோப்பாவில் ஒரு பழைய சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் போய்ச் சேர்ந்த பாதை பெரிய கதையல்ல. திருகோணமலையில் பள்ளிக்கூடம், மலைநாட்டில் பௌதிகவியல் பட்டம், சண்டைக் காலத்தில் கிடைத்த புலமைப்பரிசில், குளிர்நாட்டில் முனைவர் பட்டம். பிறகு அந்தச் சுரங்கம். இடையில் நடந்தவை என் தலைமுறை ஆட்கள் எல்லாருக்கும் நடந்தவைதான்.

நியூட்ரினோ என்பது மிகச் சிறிய துகள். மின்னேற்றம் இல்லை. எதன் ஊடாகவும் அநேகமாக ஒன்றிலும் முட்டாமல் போய்விடும். அதில் மூன்று வகை உண்டு. விசித்திரம் என்னவென்றால், ஒரு வகையாகப் புறப்படும் நியூட்ரினோ போகும் வழியில் இன்னொரு வகையாக மாறிவிடும். இன்னும் போனால் திரும்பவும் பழையபடி ஆகும். இதைத்தான் அலைவு என்கிறோம். எங்கள் வேலை அதை அளப்பது. கடற்கரையோரம் இருந்த ஓர் ஆய்வுகூடத்தில் மியூவோன் வகை நியூட்ரினோக்களைக் கற்றையாக உண்டாக்கி நிலத்துக்குள்ளால் அனுப்புவார்கள். புறப்பட்ட இடத்தில் ஒரு கருவி எண்ணும். பல நூறு கிலோமீற்றர் தள்ளி, மலைக்கு அடியில், எங்கள் தொட்டி எண்ணும். இடையில் எத்தனை, இலத்திரன் வகையாக மாறின? இதுதான் கேள்வி. நியூட்ரினோவின் எதிர்ப்பொருள் இரட்டையான எதிர் நியூட்ரினோக்களை அனுப்பியும் அதே கேள்வியைக் கேட்போம். இரண்டும் ஒரே அளவில் மாறுகின்றனவா, வித்தியாசம் உண்டா? வித்தியாசம் இருந்தால், இந்தப் பிரபஞ்சத்தில் பொருள் என்று ஒன்று ஏன் மிஞ்சியிருக்கிறது என்ற பெரிய கேள்விக்கு ஒரு நுனி கிடைக்கலாம்.

தொட்டி ஒரு பெரிய கோயில் கோபுரத்தை அப்படியே உள்ளே இறக்கி வைக்கக்கூடிய உயரம். நிறையத் தூய நீர். சுவர் முழுக்க ஒளியை உணரும் கண்ணாடிக் குமிழ்கள். எப்போதாவது ஒரு நியூட்ரினோ தண்ணீரில் முட்டினால் சிறிய ஒளி வளையம் ஒன்று சுவரில் விழும். மியூவோன் வகை வந்திருந்தால் வளையத்தின் விளிம்பு கூராக இருக்கும். இலத்திரன் வகை என்றால் விளிம்பு பிசிறியிருக்கும். கூரா, பிசிறா? முழு அளவீடும் கடைசியில் இந்த ஒரு பிரிப்பில் வந்து நிற்கும்.

ஆகவே தண்ணீர் எவ்வளவு தெளிவு என்பது எங்களுக்கு உயிர்ப் பிரச்சினை. தெளிவை அளப்பதற்கு ஒரு முறை இருந்தது. வெள்ளை அங்கியும் தலையுறையும் அணிந்து தொட்டியின் கூரைமேல் ஏறுவோம். கூரையில் உள்ள சிறிய வாயைத் திறந்து, ஒளியைச் சிந்தும் கண்ணாடிப் பந்தொன்றைக் கம்பியில் கட்டி இறக்குவோம். ஒவ்வொரு ஆழத்திலும் நிறுத்தி, ஆட்டம் அடங்கும்வரை பொறுத்திருந்து, ஒளியை மினுக்கி, சுவரில் எந்தக் குமிழுக்கு எவ்வளவு வந்தது என்று பதிவோம். பந்து ஆடினால் பதிவு வீண். கம்பியை விடும் கை பதறக்கூடாது. நான் பல வருடம் செய்த வேலை இது. பந்து உள்ளே இருக்கும் நாட்களில் நியூட்ரினோ எண்ண முடியாது. அங்கே கடற்கரையில் கற்றை வீணாக ஓடும் அல்லது நிறுத்தப்படும். ஆகவே பந்தை இறக்குவது என்றால் எல்லோரும் முகம் சுளிப்பார்கள்.

எங்கள் தலைவர் இங்ரிட் என்ற பெண்மணி. உயரமானவர், மெல்லக் கதைப்பவர். திரையில் வரும் வரைபை அவர் நம்பமாட்டார். கடதாசியில் அச்சிட்டுக் கையில் எடுப்பார். அளந்த புள்ளிகளுக்கு ஊடாக நாங்கள் ஓர் அழகான வளைகோடு வரைந்திருப்போம் அல்லவா, அந்தக் கோட்டின்மேல் தன் பெருவிரலை வைத்து மறைப்பார். பிறகு கடதாசியை எங்களிடம் நீட்டி, "இப்போது புள்ளிகள் மட்டும் என்ன சொல்கின்றன?" என்று கேட்பார். பதில் சொன்னால் அடுத்த கேள்வி: "எப்படித் தெரியும்?" அதை அதட்டலாகக் கேட்கமாட்டார். வழி தெரியாதவர் வழி விசாரிப்பதுபோல் கேட்பார். நாங்கள் பதிலைத் தேடும்வரை எவ்வளவு நேரமானாலும் அப்படியே நிற்பார். அவர் யாரையும் பாராட்டியதை நான் கேட்டதில்லை. யாரையும் அவமதித்ததையும் கண்டதில்லை.

அவர் வைத்த சட்டம்தான் பெட்டி. ஒரு விடையை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவரின் கண், அந்த விடையைத்தான் காணும். அதனால் தொட்டியில் விழுந்த இலத்திரன் வளையங்களைப் பற்றிய தரவு முழுவதும் கணினியில் பூட்டி வைக்கப்படும். அதைத்தான் பெட்டி என்போம். எப்படி எண்ணுவது, எந்தப் பிழையை எவ்வளவு அனுமதிப்பது என்ற விதிகளையெல்லாம் முதலில் எழுதி முடிக்க வேண்டும். எல்லாம் சரியென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் பெட்டி திறக்கும். திறந்தபின் ஒரு விதியையும் தொடக்கூடாது.

என் அண்ணா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலைபார்த்தவர். கல்யாணம் செய்யவில்லை. பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்தபோது நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. வேலையை விடுகிறேன் என்று இங்ரிட்டிடம் சொன்னேன். "தொட்டியின் பதிவுகளைப் பார்க்க இணையம் போதும். காலைக் கூட்டத்துக்கு வாருங்கள். வர முடியாவிட்டால் ஏனென்று எழுதுங்கள்" என்றார். அப்படித்தான் உட்துறைமுக வீதியில் உள்ள எங்கள் வீட்டு முன்னறையில், சீனக்குடாப் பக்கம் கோதுமைக் கப்பல்கள் போய்வருவதைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு, என் கடைசி வேலைக்காலம் ஓடியது.

அந்தக் குழுவில் என்னைத் தவிர இன்னொரு இலங்கைத் தமிழ்க் குரலும் இருந்தது. றினோஸா, எங்கள் குடாவுக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாப் பெண். முனைவர் பட்டம் முடித்து, ஒப்பந்தத்தில் இருந்த ஆய்வாளர். இன்று அவர் வேறொரு நாட்டில் வேறொரு பரிசோதனையில் தனக்கென்று ஒரு குழு வைத்திருக்கிறார். அன்று, உம்மாவுக்குச் சத்திரசிகிச்சை என்று கிண்ணியாவுக்கு வந்து, அங்கிருந்தே வேலைசெய்துகொண்டிருந்தார். இலத்திரன் வளையங்களை எண்ணும் பகுப்பாய்வு அவருடையது. பெட்டி திறந்தால் முடிவை உலக மாநாட்டு மேடையில் வாசிக்கப்போவதும் அவர்தான். அவருடைய ஒப்பந்தம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. அடுத்த வேலை கிடைப்பதும் அந்த மேடையில்தான் தங்கியிருந்தது.

அது எரிபொருள் வரிசைகளின் வருடம். நாளாந்தம் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. அண்ணாவின் பழைய சிநேகிதர் ஒருவர் நிலாவெளியில் சிறிய விடுதி நடத்திவந்தார். வெள்ளைக்காரர் ஒருவரும் வராமல் கதிரைகளைக் கவிழ்த்து வைத்திருந்தார். ஆனால் அவரிடம் ஜெனரேட்டர் இருந்தது. "வாங்கோ தங்கச்சி, சும்மாதானே கிடக்கு" என்றார். முக்கியமான கூட்ட நாட்களில் அண்ணாவைப் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, கிடைத்த பஸ்ஸில் நிலாவெளிக்குப் போவேன். றினோஸாவும் கிண்ணியாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துவிடுவார். ஆளில்லாத சாப்பாட்டு அறையில் இரண்டு கணினிகளோடு உட்கார்ந்திருப்போம்.

பெட்டி திறப்பதற்கு நாள் குறித்தாயிற்று. என் பங்கு, சக்தி அளவீட்டின் கடைசிச் சரிபார்ப்பு. வானத்திலிருந்து வரும் மியூவோன்கள் என்ற துகள்கள் சில தொட்டிக்குள் நின்று அழியும். அழியும்போது ஒவ்வொன்றும் ஓர் இலத்திரனை விடும். அந்த இலத்திரன்களின் சக்தி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது நன்றாகத் தெரிந்த விடயம். தொட்டி அதைச் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்தால் போதும். பார்த்தேன். சராசரி சரியாக இருந்தது. விதிப்படி என் வேலை முடிந்துவிட்டது.

ஆனால் புள்ளிகள் அகன்று கிடந்தன. முந்தைய வருடங்களில் இவ்வளவு அகலம் இல்லை. தொட்டியை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்துப் போட்டேன். கீழே கொஞ்சம் கூடுதல், மேலே கொஞ்சம் குறைவு. இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று மூடிக்கொண்டிருந்தன. எப்போதிலிருந்து என்று பின்னால் தேடிக்கொண்டு போனேன். தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரத்தை மாற்றிய காலத்திலிருந்து. புதிய இயந்திரம் தண்ணீரைச் சற்றே கூடுதல் குளிராகக் கீழிருந்து ஏற்றுகிறது. குளிர்ந்த நீர் கீழேயே தங்கிவிட, மேல்நீர் கலக்காமல் தேங்கி மங்கத் தொடங்கியிருக்க வேண்டும். "வேண்டும்" என்றுதான் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு தடவையும் பந்து இறக்கப்படவில்லை; சுரங்கத்தின் பாரந்தூக்கி திருத்தத்தில் இருந்ததால் அந்த வருட இறக்கத்தைத் தள்ளிப்போட்டிருந்தார்கள். யாரிலும் குற்றமில்லை.

மேல்நீர் மங்கினால் அங்கே ஒளி சிதறும். சிதறினால் கூரான விளிம்பும் பிசிறித் தெரியும். மியூவோன் வளையம் இலத்திரன் வளையமென்று எண்ணப்படும்.

றினோஸாவிடம் முதலில் சொன்னேன். அவர் வரைபைக் கனநேரம் பார்த்தார்.

"சராசரி சரிதானே அக்கா?"

"சரி."

"விதியில சராசரி எண்டுதானே இருக்கு?"

"ஓம். ஆனா பந்தை ஒருக்கா இறக்கிப் பார்க்காமத் திறக்கேலாது."

"பந்து இறக்கிறதெண்டா இந்தப் பருவம் போச்சு. என்ட ஒப்பந்தமும் போச்சு. அது தெரியும்தானே உங்களுக்கு?"

"தெரியும், றினோஸா."

"தெரிஞ்சுமா?" கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நீங்க ஓய்வு எடுக்கப் போறவங்க. உங்களுக்கு ஒரு வருஷம் பிந்தினா என்ன? நான் எத்தின வருஷமா இந்த ஒரு நாளுக்காக இருக்கிறன். எனக்கு மட்டும் ஏன் இது?"

அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பிழையில்லை. கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, சொல்லாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் அந்தச் சாப்பாட்டு அறையிலேயே இருந்தேன். அவருக்காக விட்டுக்கொடுக்கலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவர் மேடையில் நின்று வாசிக்கப்போகும் எண், அடுத்த வருடம் இன்னொருவரால் பிழையென்று காட்டப்பட்டால் அதைச் சுமக்கப்போவதும் அவர்தான். நான் இங்ரிட்டுக்கு எழுதினேன், பெட்டி திறப்பதை நிறுத்தும்படி கேட்டு.

பொதுக் கூட்டம் கூடியது; நான் நிலாவெளியிலிருந்து தனியே சேர்ந்தேன். பகுப்பாய்வுகளை ஒருங்கிணைத்தவர் பாவெல் என்பவர். கெட்டிக்காரர், நேர்மையானவர். அவர் என்னை எதிர்த்தார். வாதமும் பலமானது.

"திறக்கும் நேரத்தில் விதியை மாற்றக்கூடாது என்பதற்காகத்தான் பெட்டியே இருக்கிறது. இன்று தண்ணீர் என்பீர்கள். நாளை ஒருவர் வேறொன்று சொல்வார். இப்படி மாற்றிக்கொண்டே போனால், நமக்குப் பிடித்த விடை வரும்வரை மாற்றினோம் என்று உலகம் சொல்லாதா?"

"பெட்டி இன்னும் பூட்டியிருக்கிறது, பாவெல். இந்தத் திருத்தம் விடையை எந்தப் பக்கம் தள்ளும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாமல் இருக்கும்போதே கேட்கிறேன். திறந்தபின் கேட்டால்தான் குற்றம்."

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றது. டீசல் முடிந்துவிட்டது. இணையம் போய், திரையில் எல்லா முகங்களும் அப்படியே உறைந்தன. கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். அங்கேதான் சமிக்ஞை கொஞ்சம் பிடிக்கும். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சத்தமாகப் பாடி இழுத்தார்கள். ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, குரலால் மட்டும் மீதியைச் சொன்னேன். வரைபைக் காட்ட முடியவில்லை.

"வரைபு என்னிடம் இருக்கிறது," என்றது இங்ரிட்டின் குரல். அச்சிட்டு வைத்திருந்திருக்கிறார். அவர் அதைக் கமராவுக்கு முன் பிடித்து, கோட்டைப் பெருவிரலால் மறைத்துக் காட்டினார் என்று பின்னர் அறிந்தேன். "பாவெல், மேல்நீர் தெளிவாகத்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எப்படித் தெரியும்?"

கரைவலைக்காரரின் பாட்டு மட்டும் கேட்டது.

"தெரியாது," என்றார் பாவெல்.

"அப்படியானால் பந்தை இறக்குவோம்."

வெற்றி என்று எனக்குத் தோன்றவில்லை. றினோஸா கிண்ணியாவிலிருந்தே அந்தக் கூட்டத்தில் இணைந்திருந்தார். அதன்பின் சில நாட்கள் என் அழைப்புகளை எடுக்கவில்லை.

பிறகு ஒரு முற்பகல், சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். பஸ் இல்லாமல் லொறியொன்றில் பாலம் கடந்து வந்திருக்கிறார். அண்ணா கட்டிலிலிருந்தே, "வா பிள்ளை, தண்ணி குடி முதல்ல" என்றார்.

நான் செம்பில் கொண்டுவந்து வைத்த தண்ணீரை அவர் குடிக்கவில்லை. கணினியைத் திறந்தார்.

"உங்களைப் பிழையெண்டு காட்டத்தான் செய்தனான், அக்கா. பெட்டிக்கு வெளிய இருக்கிற மியூவோன் வளையங்களை எடுத்து, மேல்பாதியில எத்தின பிசிறுது எண்டு பார்த்தன்."

"பிசிறுதோ?"

"பிசிறுது. ஆனா அது பெரிய விஷயமில்ல. நீங்க எப்ப இயந்திரம் மாத்தினதெண்டு பார்த்தீங்க. அதுக்கு முந்தி நாங்க எதை அனுப்பிக்கொண்டிருந்தம், பிந்தி எதை அனுப்பினம் எண்டு பார்த்தீங்களா?"

நான் பார்க்கவில்லை. தண்ணீரை மட்டுமே பார்த்திருந்தேன்.

"முந்தி அநேகமா நியூட்ரினோ. பிந்தி அநேகமா எதிர் நியூட்ரினோ," என்றார். "மங்கின தண்ணியில எண்ணினது கிட்டத்தட்ட முழுக்க எதிர் நியூட்ரினோ, அக்கா. திறந்திருந்தா ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கெண்டு வந்திருக்கும். நான் அதைப் போய் மேடையில வாசிச்சிருப்பன்."

முழுப் பரிசோதனையும் எதைத் தேடியதோ, அதையே தண்ணீர் எங்களுக்குப் பொய்யாகச் செய்து தந்திருக்கும். உலகமே கொண்டாடியிருக்கும். பிறகு றினோஸா அந்தச் செம்பை எடுத்து முழுவதையும் குடித்தார்.

அவர் தன் கணிப்பைக் குழுவுக்கு அனுப்பினார். குழுவில் மிச்சமிருந்த எதிர்ப்பும் அன்றோடு அடங்கியது; பாவெல் தானே பந்து இறக்கத்துக்கு நாள் ஒதுக்கிக் கொடுத்தார். சுரங்கத்தில் பந்து இறங்கிய நாட்களில், இங்கே முன்னறையில் றினோஸாவும் நானும் ஒவ்வொரு ஆழத்துக்கும் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மேலே மங்கல். கீழே தெளிவு. நாங்கள் பயந்ததைவிடச் சற்று மோசம். தொட்டியை ஒரே தண்ணீராகக் கருதிய எல்லாக் கணிப்பையும் கழற்றி, ஆழத்துக்கு ஆழம் வேறு தண்ணீராக எழுத வேண்டியிருந்தது. எழுதினோம். அதற்கிடையில் றினோஸாவின் ஒப்பந்தம் முடிந்தது. அதை நீட்டித் தரும்படி இங்ரிட் கேட்டார். பணம் கொடுப்பவர்கள் மறுத்துவிட்டார்கள். மாநாட்டில் இன்னொரு பரிசோதனைக்காரர் தங்கள் முடிவை முதலில் வாசித்தார்கள். றினோஸா கிண்ணியாவில் உயர்தர மாணவருக்குக் கணித வகுப்பு எடுத்துக்கொண்டு, வகுப்பு முடிந்ததும் எங்கள் கணிப்பைத் தொடர்ந்தார். விட்டுவிடுங்கள் என்று நான் ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். "நீங்க தொடங்கி வைச்சனீங்க, நான் முடிச்சுவைப்பன்" என்று வெட்டிவிட்டார்.

அடுத்த பருவத்தில் ஒரு பின்னேரம் பெட்டி திறந்தது. கரண்ட் வெட்டுக் குறைந்திருந்த காலம். எங்கள் முன்னறையில் அண்ணாவையும் கதிரையில் இருத்தி வைத்திருந்தோம். திறக்கும் கட்டளையை றினோஸாவே இட வேண்டும் என்று இங்ரிட் சொல்லிவிட்டார். அவர் "பிஸ்மில்லாஹ்" என்று விசையை அழுத்தினார். எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றையும் உரக்க வாசித்தார். அலைவின் அளவு எங்களுக்கு முன்னர் யாருக்கும் கிடைக்காத நுட்பத்தில் கிடைத்திருந்தது. நியூட்ரினோவுக்கும் எதிர் நியூட்ரினோவுக்கும் வித்தியாசம் உண்டா என்பது மட்டும் பிழை எல்லைக்குள் கரைந்துவிட்டது. உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

இங்ரிட், "நன்றி. திங்கட்கிழமை வழமையான கூட்டம்" என்று சொல்லிப் போனார். திரை இருண்டது.

அண்ணா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப வித்தியாசம் இருக்கோ, இல்லையோ?"

"தெரியாது அண்ணே," என்றார் றினோஸா. "இதைவிடப் பெரிய தொட்டி வேணும்."

"போன வருசம் திறந்திருந்தா?"

"இருக்கெண்டு சொல்லியிருப்பம்."

"பேப்பரில எல்லாம் வந்திருக்கும் என்ன?"

"ஓம். நல்லா வந்திருக்கும். பிறகு, அது பொய்யெண்டும் வந்திருக்கும்."

அண்ணா சிறிது யோசித்தார். "அப்ப சரி," என்றார். "இருந்து சாப்பிட்டிட்டுப் போ பிள்ளை. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கிடக்கு."

சாப்பிட்டோம். பஸ் நிலையம்வரை அவரோடு நடந்தேன். வழியில் இருவரும் பெட்டியைப் பற்றிக் கதைக்கவேயில்லை. அடுத்த நாள் வகுப்புக்கு வரும் மாணவிகளைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை கூட்டத்துக்கு நான் கணினியைத் திறந்தபோது, ஒப்பந்தமே இல்லாத றினோஸாவின் பெயர் எனக்கு முதலே திரையில் இருந்தது.